படம் முடிந்தது... பயம் முடியவில்லை!

பேய்ப் படம் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது. நாலு பேராகச் சேர்ந்து உட்கார்ந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "ஐயோ, வேணாம்டீ, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே, விரல் இடுக்கு வழியாக முழுப் படத்தையும் பார்த்து முடிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! படம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறோம். சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நடுராத்திரியில் தாகம் எடுக்கும். சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பகலெல்லாம் நாம் கட்டி ஆளுகிற அதே சமையலறைதான். ஆனால் கால் எழாது!

எல்லாப் படமும் இப்படிச் செய்வதில்லை. என் அம்மா சிறு பெண்ணாக இருந்தபோது பார்த்துப் பயந்த படம் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). அதில் தொண்டு கிழவராக வரும் நம்பியாரைப் பற்றி இப்போதும் சொல்வார். ஆனால் அந்தப் பயம் கொட்டகையோடு போயிற்றாம். "பாழடைஞ்ச பங்களால நடக்கிற கதை. நாம என்ன பங்களாவிலயா இருக்கோம்? ஓட்டு வீடுதானே!" என்பார். யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வது எத்தனை சரி! பயம் பங்களாவில் இருக்கிறவரை நமக்குக் கவலையில்லை. நம் வீட்டுக்குள், நாம் தினமும் தொடுகிற பொருளில் வந்து உட்காரும்போதுதான் அது போகமாட்டேன் என்கிறது.

1960-இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் ஷவரின் கீழ் நிற்கும் பெண்ணைக் கத்தியால் குத்தும் காட்சி ஒரு நிமிஷம்கூட ஓடாது. படம் கறுப்பு வெள்ளை. ரத்தம் என்று காட்டியது சாக்லேட் பாகு. இத்தனையும் தெரிந்தவர் அதில் நடித்த ஜேனட் லீ. அப்படியிருந்தும், படமாகப் பார்த்த பிறகு ஷவரில் குளிக்கவே தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நடித்தவருக்கே அந்தக் கதி என்றால் பார்த்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

1975-இல் வந்த 'ஜாஸ்' கடலைப் பிடித்துக்கொண்டது. அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. இயக்குநர் ஸ்பீல்பெர்க் தண்ணீரையும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் இரண்டே ஸ்வர இசையையும் வைத்தே பயமுறுத்தினார். கண்ணுக்குத் தெரியாதது எங்கேயும் இருக்கலாம் அல்லவா? கடலில் கால் வைக்கவே பலர் பயந்தார்கள்.

நம் தமிழில் 2009-இல் அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன. 'ஈரம்' படத்தில் தண்ணீர்தான் ஆவியின் வாகனம். 'யாவரும் நலம்' படத்திலோ குடும்பத்துப் பெண்கள் தினமும் மத்தியானம் ஆவலோடு உட்கார்ந்து பார்க்கும் டி.வி. தொடரில் பயம் ஒளிந்திருக்கிறது. தொடரில் நடப்பதெல்லாம் தங்கள் வீட்டிலும் நடப்பதை மாதவன் கண்டுபிடிக்கிறார். வீட்டில் பால் திரிந்து போகிறது, லிப்ட் அவர் ஒருவருக்கு மட்டும் மேலே போக மறுக்கிறது. பாலும் லிப்டும் டி.வி.யும் நம் அன்றாடச் சமாசாரங்கள் ஆயிற்றே! அந்தப் படம் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பால் திரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்ட சிநேகிதி எனக்கு உண்டு. வெயில் காலம், பால் திரிவது இயற்கை என்று அவளுக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் பயம்? நம் மூளைக்குள் 'அமிக்டலா' என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. "இது சினிமா, நிஜமில்லை" என்று நிதானமாக யோசிக்கிற பகுதி விழித்துக்கொள்வதற்குள் நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. ஒரு முறை பயந்ததை மூளை சுலபத்தில் மறப்பதில்லை. பாம்பும் புலியும் உலவிய காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றிய குணம் அது. புத்தி சமாதானம் ஆனாலும் உடம்பு ஆவதில்லை.

என்னையே உதாரணமாகச் சொல்லலாம். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தெருவில் வாடகை டெக் எடுத்து, விடிய விடியப் படம் போடுவார்கள். அப்படி ஒரு இரவு 'மை டியர் லிசா' (1987) பார்த்தேன். அந்தப் படத்தின் கதை இன்று பாதிக்கு மேல் மறந்துவிட்டது. ஆனால் இருட்டிய பிறகு திறந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார இப்போதும் எனக்கு முடியாது. அரிவாள்மணையைப் போட்டுக் காய் நறுக்கினாலும் சுவரோரமாகத்தான் உட்காருவேன். கதை போய்விட்டது, ஜன்னல் மட்டும் நின்றுவிட்டது!

இது எனக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர் என்ற பேராசிரியை, குழந்தைகளும் சினிமாப் பயமும் என்ற விஷயத்தைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவரும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் 150-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவ மாணவியரை விசாரித்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறு வயதில் பார்த்த ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ தங்களை விடாமல் தொடர்ந்து பயமுறுத்தியதாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்களாம். அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்.

பெரியவர்களாகிய நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். குழந்தைகள் என்ன செய்வார்கள்? போன வருஷம் என் வீட்டிலேயே அதைப் பார்த்தேன்.

என் சின்னப் பெண்ணுக்கு ஏழு வயது. கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே பெரிய பிள்ளைகள் செல்போனில் ஒரு பொம்மைப் பேய்ப் படம் பார்த்திருக்கிறார்கள். இவளும் போர்வைக்குள் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறாள். ஊருக்குத் திரும்பியதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிக்கமாட்டாள். இரவில் பாத்ரூம் போகமாட்டாள். கூடத்து ஷோகேஸில் அவளுடைய மாமா வாங்கித் தந்த கண் மூடித் திறக்கும் பொம்மை இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும்!

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் படுக்கையை நனைத்தாள். மறுநாள், ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. லேடி டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, கிருமித் தொற்று என்று மருந்து எழுதிக் கொடுத்தார். பெண் குழந்தைகள் சிறுநீரை அடக்கி வைத்தால், தண்ணீரும் குறைவாகக் குடித்தால், இது சுலபமாக வரும் என்றார். பிறகு குழந்தையை மடியோடு அணைத்து, "ஏன்டா கண்ணு அடக்கி வெக்கிற?" என்று கேட்டார். அப்போதுதான் பொம்மைக் கதை வெளியே வந்தது. "தொற்றை மருந்து பார்த்துக்கும். பயத்தை நீங்கதான் பார்த்துக்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம்! "அது பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான்மா, சும்மா படம்" என்று என் கணவர் பொறுமையாக விளக்கினார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். இரவு வந்ததும் பழைய கதைதான். அவளுடைய அண்ணன் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தான். என் மாமியார் விபூதி இட்டு, முதுகைத் தடவியபடி, "ஒண்ணுமில்லடி ராசாத்தி, பாட்டி பக்கத்துலயே இருக்கேன்" என்று படுக்க வைத்தார். அன்றைக்குத்தான் குழந்தை நன்றாகத் தூங்கினாள்.

இதற்கும் கேன்டர் அம்மையாரின் ஆராய்ச்சியில் விளக்கம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு வயது வரை குழந்தைகளுக்குத் தோற்றம்தான் பெரிது. 'ஹல்க்' என்ற டி.வி. தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற ராட்சதனாக மாறுவார். அவர் உதவி செய்யத்தான் வருகிறார் என்றாலும் சின்னக் குழந்தைகள் அலறினார்கள். ஆனால் அணுகுண்டு யுத்தத்தைப் பற்றி 1983-இல் அமெரிக்க டி.வி.யில் வந்த ஒரு படம் குட்டிக் குழந்தைகளை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. விஷயம் புரிகிற வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் கலக்கியது. ஆகவே சின்னக் குழந்தையிடம் "நிஜமில்லை" என்று வாதாடிப் பிரயோஜனம் குறைவு. அணைப்பு, வெதுவெதுப்பான பால், பக்கத்தில் ஒரு ஆள், இவைதான் எடுபடும். பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கம் எடுபடும். ரத்தம் எதனால் செய்தார்கள் என்று சொல்லலாம். பகல் வேளையில் அதே காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டலாம். இசை இல்லாவிட்டால் பாதிப் பேய் ஓடிவிடும்! அதுவும் பிள்ளை சம்மதித்தால்தான். கட்டாயப்படுத்தக் கூடாது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கேலி கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பொம்மையை அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கவில்லை. காணாமல் போன பொம்மை இன்னும் பயங்கரம் அல்லவா? "எங்கே இருக்கட்டும், நீயே சொல்லு" என்று கேட்டேன். "பாட்டி பீரோ மேல. சுவத்தைப் பார்த்துக்கிட்டு" என்றாள். அப்படியே வைத்தோம். கூடத்தில் சின்ன ராத்திரி விளக்கு போட்டோம்.

முதல் வாரம் பாத்ரூமுக்குள் அவள் கூடவே நின்றேன். அடுத்த வாரம் கதவுக்கு வெளியே. அதற்கடுத்து சமையலறை வரை தள்ளி வந்தேன். அவள் உள்ளேயிருந்து "ஓரிரண்டு?" என்று உரக்கக் கேட்பாள். நான் பாத்திரம் துலக்கியபடியே "இரண்டு!" என்பேன். "ஈரிரண்டு?" "நாலு!" இப்படி வாய்ப்பாடு முழுக்க ஒப்பித்தாகும். என் குரல் கேட்டால் போதும் அவளுக்கு. நடுவில் இரண்டு முறை பழையபடி ஆரம்பித்தாள். மறுபடி கதவு வரை வந்து நின்றேன். மூன்று மாதம் ஆயிற்று, தானே எழுந்து போய் வர.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடும் படிப்பும் பாதித்தாலோ, குழந்தை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தனியாக இருக்கவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான். மனநல நிபுணரிடம் போகச் சொன்னால் போய் வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனித்துக்கொள்ளலாம். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று வயதைப் பிரித்தே போடுகிறார்கள். கொட்டகைக்குப் போகும் முன் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் செல்போனில் வருகிற துண்டுப் படங்களுக்குச் சான்றிதழ் ஏது? விடுமுறைக்கு அனுப்பும்போது மாற்று உடையோடு, "ராத்திரி இவ கண்ணுல பேய்ப் படம் மட்டும் காட்டாதீங்க அண்ணி" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

போன நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். படி முழுக்கப் பொம்மைகள் ஆயிற்றே, என்ன ஆகுமோ என்று எனக்கு உள்ளூரக் கவலை. ஆனால் மரப்பாச்சிக்குப் பாவாடை கட்டியதும், செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசியும் பருப்பும் பரப்பிக் கடை போட்டதும் என் சின்னப் பெண்தான். வந்த மாமிகளுக்கெல்லாம் சுண்டலும் அவளே கொடுத்தாள். "பீரோ மேல இருக்கிறதையும் எடுத்து வெக்கலாமாடி?" என்று பாட்டி கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த வருஷம் பாட்டி" என்றாள். சரி, அடுத்த வருஷமே ஆகட்டும் என்று விட்டுவிட்டோம்.