மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில்

24 பிப்ரவரி 2025, திங்கள்

மருத்துவ மாணவர்களைக் கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதிக்கு அழைத்து வந்தேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைத் தாண்டினால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். பாறை துளைத்த காலத்துச் சிலிக்காத் தூசு இங்கே பலருடைய நுரையீரலில் தழும்பாகிக் கிடக்கிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. அதனால் மருத்துவரின் பேச்சுக்கு இங்கே பொறுப்பு அதிகம். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ‘ஏட்காம்’ என்ற பகுதியில் பேச்சுத்திறனும் சேர்ந்திருக்கிறது. மாலையில், நோயாளிகளிடம் பேசிய விதத்துக்குச் சுயமதிப்பீட்டுத் தாள் கொடுத்தேன். எல்லோரும் தங்களுக்குப் பத்துக்கு எட்டோ ஒன்பதோ போட்டுக்கொண்டார்கள்.

25 செவ்வாய்

இன்று மதிப்பெண் வேண்டாம் என்றேன். நோயாளி முதலில் என்ன சொன்னார், நான் எங்கே குறுக்கிட்டேன், கிளம்பும்போது அவருக்கு என்ன புரிந்திருந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஒரு மாணவர் பெரியவரிடம் சம்மதம் வாங்கிப் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். “மூச்சு வாங்குது தம்பி, அண்டர்கிரவுண்டுல இருந்தப்ப...” என்று அவர் தொடங்க, “பீடி உண்டா தாத்தா?” என்று வெட்டியது பதிவில் தெளிவாகக் கேட்டது. மாணவர் முகம் வாடிவிட்டது. 1984இல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் ஆராய்ந்தபோது, மருத்துவர்கள் சராசரியாக 18 நொடியில் நோயாளியின் பேச்சை இடைமறித்தார்கள் என்று சொன்னேன். இது பழக்கம், மாற்றிக்கொள்ளலாம்.

27 வியாழன்

நேற்று சிவராத்திரி விடுமுறை. இன்று பேச்சைத் திருத்திக்கொள்ளும் வழியை அவரவரே தேடினார்கள். கன்னடத்துப் பெண் ஒருத்தி பாட்டிகள் சொல்லும் ‘நெஞ்சு அடைக்குது’, ‘சளி கட்டிக்கிச்சு’ போன்றவற்றைக் கன்னட எழுத்தில் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்கிறாள். வேகமாகப் பேசுகிறவன், இன்ஹேலரை விளக்கியதும் “இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். கூச்சக்காரனுக்கு இவை எதுவும் உதவாது. அவன் முதல் கேள்வியை வீட்டுக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் கேட்டுப் பழகுகிறான். எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது ஆசிரியருக்குத்தான் வசதி.

28 வெள்ளி

2001இல் இதே நாளில்தான் இங்கிருந்த பி.ஜி.எம்.எல். நிறுவனத்தின் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒலிப்பதிவு மாணவர் அதே பெரியவரிடம் போய் உட்கார்ந்தார், இந்த முறை குறுக்கிடாமல். பெரியவர் கீழே இருந்த வெக்கையைச் சொன்னார், வேலை போன நாளைச் சொன்னார், கடைசியில், “ராத்திரி படுத்தா முட்டுது, ரெண்டு தலகாணி வெச்சுத்தான் தூக்கம்” என்றார். இதயமும் தளர்ந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. உடனே எக்கோ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். ‘நான் கேட்காமலே வந்தது’ என்று மாணவர் தாளில் எழுதியிருக்கிறார்.

1 மார்ச், சனி

அடுத்த குழுவுக்கான தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் மதிப்பெண் கட்டம் இல்லை. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதப் பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன்.