வீரனும் மைனாக் குஞ்சும்

கூட்டினின்றும் வீழ்ந்த மலைமைனாக் குஞ்சொன்றை, சிங்கராஜக் காட்டோரத்து மாணவனொருவன் கலவானையிலுள்ள நம் இல்லத்திற்குக் கொணர்ந்தான். இலங்கைக்கே உரிய இனம். 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் தூதுவிட்ட சளலிஹிணி இதுவே. வீட்டில் வளர்த்தல் சட்டத்திற்கு மாறு. ஆதலின் வனசீவராசி அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினோம்.

அதுவரை நம் நாய் வீரன் கூடையருகிலேயே படுத்துக் கிடந்தான். என்னே நட்பு என்று அயலாரிடம் பெருமை பேசினோம். (தூதிலக்கியம் படித்த மயக்கம்!) மூன்றாம் நாள் கூடைமூடி விலகியிருந்தது. விளையாட அழைக்குங்கால் நம் முழங்கால்மீது வைக்கும் அதே முன்காலை, வீரன் குஞ்சின்மீது வைத்துவிட்டான். கடிக்கவில்லை, பாரமே போதுமாயிற்று. இடச்சிறகு தொங்கிற்று. மூடியைச் சரிவர மூடாதவர் நாமே.

அதிகாரிகள் குஞ்சைக் கொண்டுசென்ற பின்னர், வெறுங்கூடையை முகர்ந்துவிட்டு, வாலையாட்டியபடி நம்மை நிமிர்ந்து பார்த்தான் வீரன். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.