இஷாவுக்குப் பிந்திய பஸ்

பெரியநீலாவணையிலிருந்து காரைதீவு வரை ஊருக்கும் ஊருக்கும் இடையே வெளி என்பது அநேகமாகக் கிடையாது. மருதமுனை எங்கே முடிகிறது, பாண்டிருப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் பெயர்ப்பலகை பார்த்துத்தான் அறிய வேண்டும். கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு எல்லாம் அப்படித்தான். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரேயொரு பிரதான வீதி. பஸ் சேவைக்கு இதைவிட வாய்ப்பான நில அமைப்பை இலங்கையில் தேடிப் பிடிப்பது கடினம். தமிழரும் முஸ்லிம்களுமாகப் பயணிகள் அனைவரும் ஒரே கோட்டில் அல்லவா குடியிருக்கிறார்கள்!

ஆயினும் நிலைமை விசித்திரமானது. மஃரிப் தொழுகைக்குப் பின்னர் இங்கிருந்து கொழும்புக்குப் போவது எளிது. ஆசனத்தைத் தொலைபேசியிலேயே பதிவு செய்துவிட்டு, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைச் சொகுசு பஸ்ஸில் உறங்கியபடியே கடந்துவிடலாம். ஆனால் நிந்தவூரில் மகள் வீட்டுக்கு வந்த ஓர் உம்மா, ஏறக்குறைய 10 கிலோமீற்றரில் உள்ள மருதமுனைக்கு இரவு எட்டு மணிக்குத் திரும்ப எண்ணினால், முச்சக்கர வண்டிக்காரர் சொல்வதே கூலி. தூரப் பயண பஸ்களும் அதே வீதியால்தான் போகின்றன. அடுத்த ஊரில் இறங்குபவரை ஏற்றிக்கொள்ள அவற்றின் நடத்துனர்களுக்கு மனம் வருவதில்லை.

1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. 1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அன்று தொட்டுத் தனியார் பஸ்ஸுக்கு அன்றாட வசூலே வாழ்வு. ஆகவே அது நிரம்பும் வரை தரிப்பிடத்தில் நிற்கும். புறப்பட்டதும் முன்னால் போகும் வண்டியை முந்தப் பறக்கும். சனம் குறைந்ததும் பட்டடைக்குப் போய்விடும். உரிமையாளரை நான் குறை கூறமாட்டேன். எண்ணெய்க் காசு தேறாத ஓட்டத்தை எவர்தான் ஓடுவார்?

இந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே என் கவலை. மருதமுனையில் நெசவுத்தொழில் செய்யும் ஒருவர், உயர்தரம் படிக்கும் தம் மகளின் மாலை வகுப்பைப் பற்றி என்னிடம் பேசினார். "வகுப்புக் காசைக் கட்டிரலாம் காக்கா, ஓட்டோக் காசத்தான் கட்டேலாது" என்றார். மகனாயிருந்தால் சைக்கிளில் அனுப்பியிருப்பார். மகளென்பதால் வகுப்பு நின்றது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்க வரும் ஏழைகளுக்கும் இதே கணக்குத்தான். மாலை பார்வை நேரம் முடியுமுன்னரே, பஸ் போய்விடும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கரையோரத்துக் குடும்பங்கள் பல பிரதான வீதிக்கு மேற்கே குடியமர்த்தப்பட்டன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் அத்தகையது. வீடுகளைத் திட்டமிட்டவர்கள் அங்கிருந்து சந்தைக்கும் கடலுக்கும் போகும் வழியை அவ்வளவாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கரைவலை இழுப்பவன் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவன் அல்லவா? 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டு முச்சக்கர வண்டிகளும் வரிசையில் நின்றபோது, இந்த மக்கள் நடந்தார்கள்.

புகையிரதம் 1928இல் மட்டக்களப்புக்கு வந்தது. ஏறத்தாழ நூறாண்டாகியும் கல்முனை வரை அது நீளவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதைப் பற்றிப் பேசுவார்கள், பேசட்டும். நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது. நட்டத்தில் ஓடும் சேவைகளுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டங்கள் இந்நாட்டுக்குப் புதியவையல்ல. மாணவருக்குச் 'சிசு செரிய', பின்தங்கிய கிராமங்களுக்குக் 'கெமி செரிய', இரவுப் பயணிகளுக்கு 'நிசி செரிய' எனத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அவற்றுக்குப் பெயரும் சூட்டியுள்ளது. அக்கரைப்பற்றுக்கும் பெரியநீலாவணைக்கும் இடையில் இரவு பத்து மணி வரை, அரை மணிக்கொன்றாக, ஆள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நேரத்தில் புறப்படும் பஸ் வேண்டும். அதன் நேர அட்டவணையை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.