கல்வேலிக்குள் ஒரு குதிரை

நெடுந்தீவுக் குதிரைகள் பத்திரிகைகளில் இடம்பெறுவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான். ஒன்று, சுற்றுலாவைப் பற்றி எழுதும்போது. மற்றது, வறட்சியில் அவை செத்து விழும்போது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் அவை எப்படி வாழ்கின்றன என்பதை எழுதுவோர் குறைவு. ஒரு குதிரைக்கு எது தேவை என்ற கேள்விக்கான விடையோ அந்த இடைப்பட்ட நாள்களில்தான் இருக்கிறது.

எங்கள் தீவகத்துக்கும் குதிரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் அரசுக்குரிய பங்கு எவ்வளவு, உடையவருக்குரிய பங்கு எவ்வளவு என்று விதித்துச் சொல்கிறது. பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரையே நெடுந்தீவுக்குச் சூட்டி 'டெல்ஃப்ட்' என்றனர். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தார். அக்காலக் குதிரை லாயத்தின் கற்றூண்களை இன்றும் காணலாம். ஆட்சிகள் போயின, குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. உயரம் குறைந்த இந்த மட்டக்குதிரைகள், அவற்றின் வழிவந்தவை என்றே கருதப்படுகின்றன.

புல்வெளியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். ஓர் ஆண் குதிரை, சில பெட்டைக் குதிரைகள், அவற்றின் குட்டிகள். இதுவே ஒரு குடும்பம். குடும்பம் அமையாத இளம் ஆண்கள் தமக்குள் ஒரு கூட்டம் சேர்ந்து திரியும். தனியே நிற்கும் குதிரையைக் காண்பது அரிது. கண்டால், அது நோயுற்றதாகவோ வயது முதிர்ந்ததாகவோ இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், சோளகக் காற்று அடங்காத ஒரு மாதத்தில், குறிகட்டுவானில் படகேறி அங்கே போயிருந்தேன். ஒரு மணி நேரக் கடற்பயணம் குடலைப் பிடுங்கி எடுத்தது. எனக்கு இடம் தந்த பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலி சூழ்ந்த அவருடைய காணிக்குள் ஒரு பெட்டைக் குதிரை நின்றது. பின்னங்காலில் காயத்தோடு நொண்டி நொண்டிக் கிணற்றடிக்கு வந்ததாம். கூட்டம் போய்விட்டது. இவர் படலையைச் சாத்திவிட்டு அதற்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார். காயம் ஆறிக்கொண்டிருந்தது. குதிரையோ தேறவில்லை.

“தம்பி, நான் தண்ணி வைக்கிறன், புல்லு வெட்டிப் போடுறன். வெளியிலை நிக்கிறதுகள் தண்ணி இல்லாமல் சாகுதுகள். இதுக்கு உள்ளுக்கை என்ன குறை?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் என்பது பெருஞ்செல்வம்; பல கிணறுகளில் உவர்நீரே ஊறும். வெயில் காலத்தில் ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லீற்றர் தேவைப்படும். தன் கிணற்று நீரை அவர் அதற்கு வாளி வாளியாக வார்த்துக்கொண்டிருந்தார். குதிரையோ வேலி ஓரமாக நடந்து, மூலையில் திரும்பி, மீண்டும் நடந்தது. அது நடந்த வழியில் மண் பள்ளமாகியிருந்தது. “இரவிலை படுக்கிறதே இல்லை, ஐயோ எண்டு இருக்குது” என்றார்.

அது படுக்காததற்குக் காரணம் உண்டு. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். ஓடித் தப்பிப் பிழைக்கும் விலங்கு ஆதலால், தனக்காக விழித்து நிற்க இன்னொன்று இருந்தால்தான் அது அச்சமின்றிப் படுக்கும். கூட்டத்தில் சில படுத்திருக்க, ஒன்றாவது நின்று காவல் காக்கும். தனிமையில் அந்தக் காவல் இல்லை. பிடரியின் அடியில் ஒன்றையொன்று பல்லால் நெருடிக்கொடுக்கும் பழக்கமும் குதிரைகளுக்கு உண்டு. பிரான்சின் காமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், அந்த இடத்தை நெருடும்போது குதிரையின் இதயத்துடிப்புத் தணிவதை 1993இல் எழுதினார்கள். நாம் அன்பு என்றோ பழக்கம் என்றோ சொல்லிக் கடந்துவிடுவது, அதன் உடலுக்கு மருந்தாக இருக்கிறது.

எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒரு குதிரை தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் காணவும் கேட்கவும் முகரவும் இயலவேண்டும்.

இவற்றையெல்லாம் நான் பெரியவருக்குச் சொன்னேன். கால் முழுதும் ஆறும்வரை வெளியே விடவும் இயலாது. தனியே வைத்திருப்பதும் சரியன்று. சிறிது நேரம் யோசித்தவர், மறுநாள் காலையில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டியை உருட்டிக் கொண்டுபோய் வேலிக்கு வெளிப்புறமாக வைத்து, நீர் நிரப்பினார். அன்று எதுவும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலையில் ஐந்து குதிரைகள் வந்தன. அவை அதன் சொந்தக் கூட்டமா, வேறா என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே நின்றது கனைத்தது. வெளியே குடித்துக்கொண்டிருந்த ஒன்று தலையை நிமிர்த்தி வேலிக்கு மேலாக மூக்கை நீட்டியது. அதன் பிறகு அவை நாள்தோறும் வந்தன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடியற்புறத்தில், எங்கள் குதிரை வேலியோடு ஒட்டிப் படுத்திருந்தது.

அன்று தேநீர் குடிக்கும்போது பெரியவர் தம் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். இருவரும் கனடாவில். கொழும்பில் மாடி வீடு ஒன்று எடுத்துத் தருகிறோம், அங்கே போய் இருங்கள் என்கிறார்களாம். “இருபத்துநாலு மணித்தியாலமும் தண்ணி வருமாம்” என்று சொல்லிவிட்டுத் தொட்டியை நிரப்பப் போனார்.

மழை தொடங்குமுன் கால் ஆறியது. படலையைத் திறந்துவிட்டதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். தொட்டியை மட்டும் அவர் எடுக்கவில்லை.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மழை பெய்விக்காது. வறட்சி வரும்போது, இரக்கமுள்ளவர்களுக்கு முதலில் தோன்றுவது, ஒன்றிரண்டையாவது பிடித்துவந்து வளவுக்குள் காப்பாற்றலாம் என்பதே. அந்த இரக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தாகத்திலிருந்து மீட்கப்பட்ட குதிரையை உறக்கமில்லாத தனிமைக்குள் விடுவது பாதி மீட்புத்தான். குதிரையைத் தண்ணீரிடம் கொண்டுவருவதைவிட, தண்ணீரைக் குதிரைகளிடம் கொண்டுபோவதே மேல். கூட்டங்கள் நடமாடும் வெளிகளில் தொட்டிகளை அமைத்து, வாடைமழை வரும்வரை அவற்றை நிரப்பிக்கொண்டிருப்பதற்கு இராச தந்திரமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஒரு தண்ணீர் பவுசரும், தவறாமல் வரும் ஒரு மனிதரும் போதும்.