துடைத்து வைத்த விளக்கு

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, லூயிஸ் தீவையும் தாண்டி அட்லாண்டிக்கில் கிடக்கிறது ஃபிளானன் தீவுக்கூட்டம். அதில் எலென் மோர் என்ற தீவில் 1899 டிசம்பரில் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. ஒரே வருஷத்தில் அங்கே பணியிலிருந்த டுகாட், மார்ஷல், மெக்ஆர்தர் மூவரும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை.

யூடியூபில் தேடினால் மேசையில் தொடாத சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி, காவலர்கள் அழுது ஜெபித்ததாகச் சொல்லும் பதிவேடு எல்லாம் வரும். சாப்பாடும் நாற்காலியும் வில்ஃப்ரிட் கிப்சன் 1912இல் எழுதிய கவிதையின் சரக்கு. அழுகைப் பதிவேடு 1929இல் ஓர் அமெரிக்க மலிவுப் பத்திரிகையில் வந்தது. சர்வர் லாக் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். மேலிடம் படிக்கப்போற பதிவுல, கூட வேலை செய்றவர் அழுதார்னு எவனும் எழுத மாட்டான்.

உண்மைப் பதிவு சப்பென்று இருக்கும். டிசம்பர் 13 வரை பதிவேட்டில். அதற்குப் பிறகு, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சிலேட்டில். கடைசிக் குறிப்பு 15ஆம் தேதி காலை 9 மணிக்கு: காற்றழுத்தம், வெப்பநிலை. அவ்வளவுதான்.

அன்றிரவே அவ்வழி போன ஆர்க்டர் கப்பலுக்கு வெளிச்சம் தெரியவில்லை. அந்தத் தகவல் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. லூயிஸ் கரையிலும் விளக்கைக் கவனிக்க ஆள் உண்டு. ஆனா பனிமூட்டத்துல பல நாள் விளக்கு தெரியாது. சிக்னல் வரலைன்னா பனியா, பழுதா? என் வேலையிலும் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இதுதான்.

26ஆம் தேதி பணிமாற்றுக் கப்பல் ஹெஸ்பெரஸ் வந்தது. முதலில் உள்ளே போன ஜோசப் மூர் பார்த்தவை: அணைந்த அடுப்பு, நின்ற கடிகாரம், காலிப் படுக்கைகள். சமையல் பாத்திரங்கள் கழுவியிருந்தன. விளக்கைத் துடைத்து, எண்ணெய் நிரப்பி, சாயங்காலம் ஏற்றத் தயாராக வைத்திருந்தார்கள். பைத்தியம் பிடித்தவர்கள் என்று கதை கட்டப்பட்டவர்கள் காலை வேலையை முழுசா முடிச்சிருந்தாங்க. எனக்கு நெஞ்சை அடைத்தது இங்கேதான்.

விசாரித்த அதிகாரி மியூர்ஹெட் மேற்குப் படகுத்துறையைப் பார்த்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில் இருந்த பெட்டி நொறுங்கி, கயிறுகள் சிதறிக் கிடந்தன. இரும்புக் கம்பிகள் வளைந்திருந்தன. காற்று தள்ளிவிட்டிருக்குமா என்று யோசித்து, மேற்குக் காற்றானால் ஆளைத் தீவுக்குள்தானே தள்ளும் என்று விலக்கினார். கயிறுகளைப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பேரலை கொண்டுபோனது என்பது அவர் முடிவு. எனக்கும் அதுதான் பொருந்துது.

ஒருவர் எப்போதும் விளக்கோடு இருக்கவேண்டும் என்பது விதி. டுகாட்டும் மார்ஷலும் கடலுக்கான உடுப்பில் போயிருக்கிறார்கள். மெக்ஆர்தரின் கோட்டு மட்டும் உள்ளேயே இருந்தது. அவர் நிரந்தர ஊழியர்கூட இல்லை. உடம்பு முடியாத ஒருவருக்கு மாற்றாக வந்தவர். சட்டையோடு ஓடியிருக்கிறார், டிசம்பர் குளிரில்.