121 என்றவனுக்கு நான் போட்ட பிழை

வகுப்பில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நம்மட ஊர்ப் பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். கதை வேறு மாதிரி வீட்டுக்கு வந்திருக்கவும் கூடும்.

போன கிழமை தரம் 11இல் பைதகரசின் தேற்றம் மீட்டல். ஏணியும் சுவரும் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. அதனால் மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து இரத்மலானைக்கு ஆகாயத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். தரைவழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இடுப்பு ஒடிந்தவர்களுக்கு அது தெரியும்.

மட்டக்களப்பு வடக்கே 7.7 பாகை, கிழக்கே 81.7. இரத்மலானை 6.8, 79.9. வித்தியாசம் அகலக்கோட்டில் 0.9, நெடுங்கோட்டில் 1.8. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று எடுத்தால் ஒரு பக்கம் 100, மற்றது 200. செம்பக்கம் 224. நெடுங்கோடுகள் முனைவை நோக்கி நெருங்குவதால் அந்த 200ஐக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது 198 ஆகும், அவ்வளவுதான். ஒஸ்லோவில் இப்படிக் கணக்குப் பார்த்தால் கிழக்கு மேற்குத் தூரம் இரு மடங்காகிவிடும்.

எல்லாரும் 224 என்றார்கள். பின் வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் 121 என்றான்.

"121ஆ? அப்ப ப்ளேன் உங்களக் கண்டி மலையில இறக்கிட்டுப் போயிடும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அழிறப்பரை எடுத்து அழித்தான். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க அவன் கை உயரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு கொப்பி திருத்தும்போதுதான் அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 0.9ஐயும் 1.8ஐயும் 60ஆல் பெருக்கியிருந்தான். 54, 108. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பாகைக்கு 60 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். விமானிகள் தூரம் சொல்வது அந்த அளவில்தான். 121ஐ 1.852ஆல் பெருக்கினேன். 224.

அலகு எழுதாததற்கு ஒரு புள்ளி குறைக்கலாம். நான் குறைத்தது புள்ளியை அல்ல. பிள்ளை எப்படிச் செய்தது என்று முதலில் கேளுங்கள் என்று பயிற்சிக் கல்லூரியில் எத்தனை தரம் சொல்லித் தந்தார்கள்!

திங்கட்கிழமை முழு வகுப்புக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். எங்கே படித்தாய் மகன் என்றேன்.

"கட்டார் எயார்போட்ல வேல செய்ற மாமா சொல்லித் தந்தாரு சேர். நீங்கதான் எப்படி வந்த என்டு கேக்கல்லயே."

எனக்குப் பதில் வரவில்லை. வெண்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் செய்து காட்டினான். அகலக்கோட்டில் 3 பாகை, நெடுங்கோடு கிட்டத்தட்ட ஒன்றுதான், தேற்றமே தேவையில்லை. 180 என்று எழுதி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கடல் மைல்' என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தான்.