வளைந்த ஜன்னல்

இங்கிலாந்தில், ஹாம்பிள் ஆற்றங்கரையில், நண்பரின் பழைய பாய்மரப் படகுக்கு ஜன்னல் மாற்றுகிறோம். பழைய அக்ரிலிக் முழுக்க மயிரிழை விரிசல். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றித்தான் அதிகம். கேபின் சுவரோ வளைவு. தட்டையான ஷீட்டை வைத்து ஸ்க்ரூவாலேயே இழுத்து வளைத்துவிடலாம் என்பார்கள். நம்பாதீர்கள். அந்த இறுக்கம் உள்ளேயே தங்கி, வெயிலும் குளிரும் பட்டுப் பட்டு விரிசலாக வெளிவரும். 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, அச்சில் படியவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். நண்பருக்கு அந்த ஆறவிடும் பொறுமைதான் கிடையாது!

வெயிலில் படகின் ஃபைபர் கிளாஸ் சுவரைவிட அக்ரிலிக் அதிகம் விரியும். அதனால் துளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்கட்டும். புது ஷீட்டில் அசிட்டோன் படவே கூடாது, வெளுத்துவிடும். பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; வெட்டுவதற்கு அளவு அதுதான்.